கொல்லைப்புறத்திலிருந்து ஒரு கோப்பை

(இளம் அறிவியல், மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

கல்லூரி மலரில் சமையற்கட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காதலைப் பற்றி எழுதலாம். வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி எழுதலாம். விண்வெளி ஆராய்ச்சியைப் பற்றி எழுதலாம். அடுப்பைப் பற்றி எழுதினால் மட்டும் அது 'மகளிர் பகுதி'க்குப் போய்விடுகிறது. இந்தப் பிரிவினை எனக்கு உடன்பாடன்று. திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் மூலிகையின் பெயரோ சூரணத்தின் பெயரோ ஒன்றுகூட இல்லை. அதிகாரத்தின் பெரும்பகுதி உண்ணும் அளவையும் முறையையும் பற்றியதே. உணவைப் பற்றிப் பேசுவது அறிவுடையார்க்கு இழுக்கு என்று அவர் கருதவில்லை. நாம் மட்டும் ஏன் கருத வேண்டும்?

நான் சொல்ல வருவது எளிய செய்தி. கொல்லையில் விளைந்த காய்கறிகளைக் கொண்டு, மைதா மாவும் பொட்டலத் தூளும் சேர்க்காமல், பாலாடைபோல் குழைந்த ஒரு சூப்பை எந்த மாணவனும் எந்த மாணவியும் முக்கால் மணி நேரத்தில் ஆக்கிவிட முடியும். அதை நம் இல்லங்களிலும் விடுதிகளிலும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. 'சூப் என்பது பணக்காரர் பண்டம்' என்ற மயக்கமும், 'சமையல் என்பது பெண்கள் வேலை' என்ற மயக்கமும், 'தோட்டம் என்பது நிலமுள்ளவர் சமாச்சாரம்' என்ற மயக்கமும் இதற்குக் குறுக்கே நிற்கின்றன. இம்மூன்றையும் விலக்கிப் பார்க்கவே இக்கட்டுரை.

மிளகுத் தண்ணீர் சீமைக்குப் போன கதை

முதலில், சூப் நமக்கு அந்நியமா? பெயர் அந்நியந்தான். பொருள் அந்நியமன்று. மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு நம் பாட்டிமார் கொதிக்கவைத்த சாற்றைச் சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர்கள் கண்டார்கள். உணவுக்கு முன்னால் சூப் பருகுவது அவர்கள் வழக்கம். நமக்கோ அப்படித் தனிப் பந்தி கிடையாது. சாற்றைச் சோற்றில் விட்டுப் பிசைவோம். எனவே அவர்கள் வீட்டுச் சமையற்காரர்கள் நம் மிளகுத் தண்ணீரில் இறைச்சியும் வேறு பலவும் சேர்த்துக் கெட்டியாக்கித் தட்டில் ஊற்றினார்கள். 'மிளகுத் தண்ணீர்' அவர்கள் நாவில் 'முல்லிகட்டாணி' ஆயிற்று. 1886-இல் வெளிவந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்னும் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் அச்சொல் இடம்பெற்றுவிட்டது. சென்னை மாகாணத்து ஆங்கில அதிகாரிகளுக்கு 'மல்' என்ற பட்டப்பெயரே அதிலிருந்துதான் வந்தது. இன்று பெரிய ஓட்டல்களின் உணவுப் பட்டியலில் அது அச்சேறி, நல்ல விலையோடு நம்மிடமே திரும்பி வருகிறது. நம் வீட்டுப் பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் நாமே எழுந்து நின்று வணக்கம் சொல்வது போன்றதே இது.

சாறு மட்டுமன்று, 'க்ரீம் சூப்' என்று சொல்லப்படும் குழைந்த சூப்பும் நமக்குப் புதிதன்று. கீரையை மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்தால் அது மசியல். அம்மசியலில் இன்னும் ஒரு தம்ளர் நீர் விட்டுக் கோப்பையில் ஊற்றினால் அதுவே குழைந்த சூப். இடையிலே இருப்பது நீரின் அளவும் பாத்திரத்தின் வடிவமுமே தவிர வேறன்று. மத்து நம்மிடம் இருந்தது. மசிக்கும் கலையும் நம்மிடம் இருந்தது. கரண்டி ஒன்றுதான் மேல்நாட்டிலிருந்து வந்தது.

மேல்நாட்டிலும் இது மாளிகையில் பிறந்த பண்டமன்று. 'விஷிஸுவாஸ்' என்று ஒரு புகழ்பெற்ற சூப் உண்டு. உருளைக்கிழங்கையும் லீக் என்னும் வெங்காய இனத் தண்டையும் மசித்துப் பாலேடு சேர்த்துக் குளிரவைத்துப் பரிமாறுவது. நியூயார்க் நகரின் ரிட்ஸ் கார்ல்ட்டன் ஓட்டலில் 1917-ஆம் ஆண்டளவில் இதைப் பட்டியலில் ஏற்றியவர் லூயி தியா என்னும் பிரெஞ்சுச் சமையற் கலைஞர். இளமையில் தம் தாயார் வீட்டில் ஆக்கிய உருளைக்கிழங்கு சூப்பே அதற்கு மூலம் என்று அவரே சொன்னார். சீமான்கள் வெள்ளிக் கரண்டியால் அருந்திய சூப்பின் வேர், ஒரு சிற்றூர்த் தாயின் அடுப்படியில் இருந்தது. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, 1790-களில், பவேரிய நாட்டின் மியூனிக் நகரில் ரம்ஃபோர்டு பிரபு என்னும் அறிவியலாளர், வறியோர்க்குக் குறைந்த செலவில் வயிறு நிறையச் செய்ய வேண்டிப் பார்லியும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்த சூப்பைப் புகுத்தினார். ஆகவே சூப்பின் வரலாறு பெரும்பாலும் ஏழையின் வரலாறே.

பொட்டலம் வந்த வழி

அப்படியானால் பொட்டலத்தில் வரும் சூப் தூள் எங்கிருந்து வந்தது? அதன் தொடக்கமும் இரக்கத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் பெண்கள் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்து சமைக்க அவர்களுக்கு நேரமில்லை. குடும்பங்கள் சத்தற்ற உணவில் நலிந்தன. இதைப் போக்கவே ஜூலியஸ் மாகி என்னும் ஆலை முதலாளி பட்டாணி, பயறு வகைகளை மாவாக்கி, விரைவில் கொதிக்கவைத்து உண்ணத்தக்க சூப் தூளை 1886-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் 1897-இல் ஜான் டாரன்ஸ் என்னும் வேதியியலார், காம்ப்பெல் நிறுவனத்தில், நீரைக் குறைத்துச் செறிவாக்கிய சூப்பை டப்பாவில் அடைக்கும் முறையைக் கண்டார். உழைப்பாளியின் நேரத்தை மிச்சப்படுத்திய இக்கண்டுபிடிப்புகளைக் குறைகூறுவது நன்றியன்று.

ஆனால் பயறு மாவில் தொடங்கியது இன்று எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கடையில் ஒரு சூப் பொட்டலத்தை எடுங்கள். முன்புறத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்புறத்தைப் படியுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி, எது அதிக எடையோ அதை முதலில் எழுத வேண்டும்; மற்றவை இறங்குவரிசையில் வரவேண்டும். படத்தில் தளதளவென்று இருக்கும் காய்கறி, பின்புற வரிசையில் பெரும்பாலும் மக்காச்சோள மாவுக்கும் சர்க்கரைக்கும் உப்புக்கும் பின்னால்தான் நிற்கும். அதாவது நாம் காசு கொடுத்து வாங்குவது குழைவை, காய்கறியை அன்று. உப்பும் கவனத்துக்குரியது. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. சோறு, குழம்பு, ஊறுகாய், அப்பளம் என்று ஏற்கெனவே அதைத் தாண்டி நிற்கும் நமக்குப் பொட்டலம் மேலும் கொஞ்சம் கூட்டித் தருகிறது.

குழைவின் இரகசியம்

குழைவு என்பது மாவிலும் வெண்ணெயிலும்தான் இருக்கிறது என்பது ஓட்டல்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடம். வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பாலூற்றிக் கிளறும் 'வெள்ளைச் சாஸ்' அங்கே எல்லாச் சூப்புக்கும் தாய். தாவரவியல் வகுப்பில் கற்றதை அடுப்படிக்குக் கொண்டுபோனால் அந்தப் பாடம் முழு உண்மையன்று என்பது விளங்கும். மைதாவில் உள்ள மாவுச்சத்து உருளைக்கிழங்கிலும் உண்டு, பருப்பிலும் உண்டு. மாவுச்சத்துத் துகள்கள் நீரோடு சூடேறும்போது, ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழாகின்றன. கஞ்சி கெட்டியாவதும் இதனால்தான். பரங்கிக்காய் போன்றவற்றில் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் வேகும்போது இளகிச் சாற்றில் கலந்து கொழகொழப்பைத் தருகிறது. ஆகவே காயே மாவாகவும் காயே பாலாடையாகவும் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியதெல்லாம் நன்றாக வேகவைத்து நன்றாக மசிப்பதே.

சூப்பில் மற்றொரு நன்மையும் உண்டு. காய்கறியை வேகவைத்து நீரை வடித்துவிட்டால், நீரில் கரையும் பி வகை வைட்டமின்களும் சி வைட்டமினும் தாது உப்புகளும் அந்நீரோடு சாக்கடைக்குப் போகின்றன. சூப்பிலோ வெந்த நீரும் நம் வயிற்றுக்கே வருகிறது. சி வைட்டமின் வெப்பத்தாலும் ஓரளவு அழியும் என்பது உண்மைதான். ஆனால் நீரில் கரைந்தவை வீணாவதில்லை.

ஆக்கும் முறை

பேச்சு போதும், செய்முறைக்கு வருகிறேன். நான்கு பேருக்கு அரைக் கிலோ பரங்கிக்காய் எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூசணி என்று சில மாவட்டங்களில் சொல்வார்கள். தோல் சீவித் துண்டுகளாக்குங்கள். விதைகளை எறிந்துவிடாமல் கழுவிக் காயவைத்தால் பிறகு வறுத்துக் கொறிக்கலாம். சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஐந்தாறு பல், சிறியதாக ஓர் உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு ஒரு பிடி, பால் ஒரு தம்ளர், மிளகும் சீரகமும் தட்டியது ஒரு தேக்கரண்டி, நெய்யோ நல்லெண்ணெயோ இரண்டு தேக்கரண்டி. இவ்வளவே சாமான்.

அடிகனமான பாத்திரத்தில் நெய்யைக் காயவைத்து வெங்காயத்தையும் பூண்டையும் இளந்தீயில் வதக்குங்கள். சிவக்கக் கூடாது, கண்ணாடிபோல் ஆனால் போதும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெங்காயம் கருகிச் சூப் முழுதும் கசக்கும். பின்னர் பருப்பைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, பரங்கித் துண்டுகளையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து, காய் மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு மூடிவையுங்கள். இருபது நிமிடத்தில் பரங்கி குழைந்துவிடும். பருப்பு விரலால் அழுத்தினால் மசிய வேண்டும், அதுவே பதம். இறக்கிச் சூடு ஆறிய பிறகு மசியுங்கள். மத்து இருந்தால் மத்து. மிக்சி இருந்தால் மிக்சி. கொதிக்கக் கொதிக்க மிக்சியில் ஊற்றி மூடினால் நீராவி மூடியைத் தூக்கியடித்துக் கையைப் புண்ணாக்கிவிடும். ஆதலால் ஆறவிடுவதைத் தவிர்க்காதீர்கள். ஓட்டல்களில் செய்வதுபோல வடிகட்டவும் வேண்டாம். வடிகட்டியில் தங்குவது நார்ச்சத்து. அதைக் குப்பையில் போடுவானேன்?

மசித்ததை மீண்டும் அடுப்பிலேற்றி உப்பிட்டு ஒரு கொதி வந்ததும் தீயைத் தணித்து, காய்ச்சிய பாலை மெல்ல ஊற்றிக் கிளறி, கொதிக்கவிடாமல் இறக்குங்கள். மிளகும் சீரகமும் தூவிக் கொத்துமல்லித் தழை கிள்ளிப் போட்டால் சூப் ஆயிற்று. தக்காளி சேர்க்க விரும்புவோர் ஒன்றுக்கு மேல் போட வேண்டாம். தக்காளியின் புளிப்பில் பாலின் புரதம் திரிந்துவிடக்கூடும். பால் கிடைக்காத நாளில் தேங்காய்ப் பால் போதும். அதுவும் இல்லாத நாளில் பருப்பே போதும். நெய்யை மட்டும் அடியோடு விட்டுவிடாதீர்கள். பரங்கிக்கு மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டீன் நம் உடலில் ஏ வைட்டமினாக மாறுகிறது. அது கொழுப்பில் கரையும் பொருள். சிறிதளவு கொழுப்பாவது கூட இருந்தால்தான் உடல் அதை நன்றாக ஏற்கும்.

முருங்கைக் கீரைச் சூப் இன்னும் எளிது. ஒரு பிடி பாசிப்பருப்பைப் பூண்டோடு குழைய வேகவைத்துக் கடைந்து, நீர் விட்டுக் கொதிக்கும்போது இரண்டு கைப்பிடி உருவிய கீரையைப் போட்டு, முதல் சில நிமிடங்கள் பாத்திரத்தை மூடாமல் வையுங்கள். கீரையிலிருந்து வெளிப்படும் அமிலங்கள் ஆவியோடு போய்விட்டால் பச்சையம் நிறம் கெடாது. மூடினால் அவை பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றிக் கீரையைப் பழுப்பாக்கிவிடும். ஐந்தாறு நிமிடத்தில் கீரை வெந்துவிடும். கடைந்து இறக்கிச் சற்று ஆறியபின் எலுமிச்சம்பழச் சாறு பிழியுங்கள். இதில் பால் வேண்டாம். எலுமிச்சைக்கும் ஒரு காரணம் உண்டு. கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. சி வைட்டமின் உடனிருந்தால் கூடுதலாக ஏற்கிறது. தேநீரோ அதற்கு நேர்மாறு. அதிலுள்ள டானின் போன்ற பொருள்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன.

ஏன் இவ்வளவு அக்கறை?

இதைச் சுவைக்காக மட்டும் நான் சொல்லவில்லை. 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உள்ளவர்கள். பாதிக்கும் மேல்! நம் வகுப்பறையின் பெண்கள் வரிசையை ஒருமுறை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். இருவரில் ஒருவர். முதல் மணியிலேயே மேசையில் தலை சாய்த்துக்கொள்ளும் தோழியைச் 'சோம்பேறி' என்று நாம் கேலி செய்கிறோம். அது சோம்பலா, சோகையா என்று எவரேனும் கேட்டதுண்டா?

அரசு கலைக் கல்லூரிகளில் படிப்போரில் பலர் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வருகிறவர்கள். காலையில் ஒன்றும் உண்ணாமல் வருவோரும் உண்டு. மாலை நாலு மணிக்குக் கல்லூரி வாயிலில் கிடைப்பது தேநீரும் வடையும், அல்லது தேநீரும் பன்னும். உண்ட சத்தையும் தடுக்கும் பானத்தை, உண்ணாத வயிற்றில் ஊற்றுகிறோம். தேநீரை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; சொன்னாலும் எவரும் கேட்கப்போவதில்லை. அந்த நாலு மணி வேளையில், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சூப் கோப்பையும் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு கோப்பைச் சூப் சோகையைத் தீர்த்துவிடாது. அதற்கு மருத்துவர் தரும் மாத்திரை வேண்டும். ஆனால் கீரையே காணாத வயிற்றுக்குக் கீரையைக் கொண்டுசேர்க்க இதைவிட எளிய வாகனம் எனக்குத் தெரியவில்லை. சாம்பாரில் மிதக்கும் கத்தரிக்காயை இலையோரம் ஒதுக்குவதில் விடுதி மாணவர்கள் தேர்ந்தவர்கள். மசித்த சூப்பில் எதை ஒதுக்குவது?

கொல்லை எங்கே போயிற்று?

முன்பெல்லாம் வீடு என்றால் கொல்லையும் சேர்ந்ததே. கிணற்றடி நீர் பாயுமிடத்தில் வாழை, வேலியோரம் முருங்கை, கூரைமேல் பரங்கியும் சுரையும், பந்தலில் அவரை, மூலையில் கறிவேப்பிலை. காய் வாங்கக் காசு தேடாத நாட்கள் பல குடும்பங்களுக்கு இருந்தன. இன்று ஊரிலேகூடக் கொல்லையில் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டு, கறிவேப்பிலைக்கும் கடைக்கு ஓடுகிறோம். தூய்மை என்று அதற்குப் பெயரிட்டுக்கொண்டோம். இழந்தது நிழல் மட்டுமன்று; வாரத்தில் மூன்று நாள் காய்கறி.

பரங்கிக்கும் தக்காளிக்கும் உருளைக்கிழங்கிற்கும் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். பரங்கியர் காலத்தில் வந்ததைப் பரங்கியின் பெயரே பறைசாற்றுகிறது. கடல்கடந்து வந்த கொடி நம் கூரையில் ஏறிச் சொந்தமாயிற்று. நம் மண்ணிலேயே பிறந்தவர்கள் கொல்லையைக் கைவிட்டு அந்நியராகிறோம்.

இடமில்லை என்பார்க்குச் சொல்வேன்: பத்தடிக்குப் பத்தடி இடம் போதும். முளைக்கீரை விதைத்த 25 நாளில் பறிக்கலாம்; அரைக்கீரையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கீரையோ அதற்கு முன்பே கிடைக்கும். பரங்கிக்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் ஏற்றவை. ஓரடிக் குழியெடுத்துத் தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி விதை ஊன்றினால், கொடி தானே இடம் தேடிக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் ஏழெட்டுக் கிலோ எடையுள்ள பெருங்காய். கோ 2 ரகமோ இரண்டு கிலோவுக்குள் அடங்கும் சிறுகாய். சிறு குடும்பத்துக்குப் பின்னதே தகும். முற்றிய காயை அறுக்காமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

'எங்கள் கொடி பூக்கிறது, காய்ப்பதில்லை' என்று பலர் குறைப்படுவார்கள். பரங்கியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் குண்டுமணிபோலச் சிறுபிஞ்சு இருக்கும். தேனீக்கள் வராத இடத்தில் மகரந்தம் சேர வழியில்லாமல் அப்பிஞ்சு வாடி உதிர்கிறது. விடியற்காலையில் பூ மலர்ந்ததும் ஓர் ஆண்பூவைப் பறித்து இதழ் களைந்து, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவிவிடுங்கள். பாடநூலில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதும் மகரந்தச் சேர்க்கை, அப்போது கையில் காயாகத் திரளும்.

சில மறுப்புகள்

'சூப் குடித்தால் வயிறு நிறையுமா? பசியாறிய பின் பசியைத் தூண்டிக்கொள்ளும் சீமான்களுக்கல்லவா அது?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மாவு கரைத்த ஓட்டல் சூப்புக்கு அது பொருந்தும். பருப்பும் கிழங்கும் பாலும் சேர்ந்த நம் சூப் வெறும் நீரன்று. ஆயினும் சோற்றுக்கு மாற்றாக இதை நான் முன்வைக்கவில்லை. சோறு சோறாகவே இருக்கட்டும்; தேநீரும் வடையும் நிரப்பும் இடைவேளையையே இதற்குக் கேட்கிறேன்.

'குடிக்கவே நீரில்லை, செடிக்கு ஏது நீர்?' என்பது இரண்டாவது மறுப்பு. விடுதியில் அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர், தட்டு அலசிய நீர் எவ்வளவு ஓடிப்போகிறது என்று ஒருநாள் வாளியால் அளந்து பார்த்தால் விடை கிடைக்கும். சோப்பு மிகுந்த நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விட்டு, மற்றதைக் காய்கறிக்குப் பாய்ச்சலாம்.

மூன்றாவது மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அதுவே பெரியது. 'ஆண்பிள்ளை கரண்டி பிடிப்பதா?' என்பதே அது. திருமண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைப்பவன் ஆண். ஓட்டலில் சமைப்பவன் ஆண். வீட்டில் மட்டும் அடுப்பு பெண்ணுக்கு! கூலி கிடைக்கும் இடத்தில் கலை, கூலியில்லாத இடத்தில் கடமை என்று பிரித்துவைத்திருக்கிறோம். பட்டம் பெற்ற பிறகு நம்மில் பலர் வேலை தேடிச் சென்னை செல்வோம். திருவல்லிக்கேணி மேன்சன் அறைகளில் நான்கு பேராக அடைந்து, மூன்று வேளையும் ஓட்டலில் உண்டு, சம்பளத்தில் பாதியையும் வயிற்றையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வோம். ஒரு சூப்பை ஆக்கத் தெரிந்தவனுக்கு அந்த நிலை கொஞ்சம் இலேசாகும். அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. தன் தாய் நாள்தோறும் எத்தனை மணிநேரம் அனல்முன் நிற்கிறாள் என்பதை அடுப்பின் முன் நின்றவனே அறிவான். பெண்ணுரிமை பற்றி மேடையில் பேசும் நாம், வெங்காயம் உரிப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.

நம்மால் ஆகக்கூடியது

தமிழ்நாடு பிள்ளைகளின் பசியைப் பொதுப்பொறுப்பாக ஏற்ற நாடு. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக் காலத்தில் அரும்பிய மதிய உணவு, 1956-இல் காமராசர் ஆட்சியில் தளிர்த்து, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது, 2022-இல் மு.க.ஸ்டாலின் ஆட்சியில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. கல்லூரி வயதை எட்டிய நாமோ வளர்ந்தவர்கள். எல்லாவற்றையும் அரசே ஊட்ட வேண்டும் என்று வாய் திறந்து காத்திருக்கத் தேவையில்லை. நம் கையாலும் சிறிது செய்துகொள்ளலாம்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டின்போது தொடங்கப்பட்டது. அதன் பெயரால் நாம் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறோம், நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம், அடுத்த ஆண்டு அதே குழியில் வேறு கன்று நடுகிறோம். அக்குழிகளில் பாதியையேனும் முருங்கைக்கும் பரங்கிக்கும் ஒதுக்கினால் என்ன? மரம் பத்தாண்டில் நிழல் தரும். கீரை ஒரு மாதத்தில் உணவு தரும். பலன் கண்முன் தெரிந்தால் நீர் ஊற்றும் கையும் சோராது. தாவரவியல் துறை விதைகளையும் மண்ணையும் பார்த்துக்கொள்ளலாம். வேதியியல் துறை மண்ணின் கார அமில நிலையைச் சோதித்துச் சொல்லலாம். வணிகவியல் துறை வரவு செலவுக் கணக்கை எழுதலாம். தமிழ்த் துறை மறைந்துவரும் கீரைகளின் பெயர்களைத் தொகுக்கலாம். விளைந்ததை வாரம் ஒருநாள் மாலை சிற்றுண்டிச் சாலையில் சூப்பாக்கி, அடக்க விலைக்கு வழங்கலாம். இதற்கு மாநாடும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். ஒரு மண்வெட்டியும் ஒரு பெரிய பாத்திரமும் போதும்.

பேராசிரியப் பெருமக்கள் இதைச் சிறுபிள்ளை ஆசை என்று ஒதுக்கிவிடாமல் ஒரு பருவம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். கல்லூரி திறந்து புது மாணவர்கள் வந்து அமரும் பருவமும் ஏறக்குறைய அதுவே. ஆடியில் ஊன்றினால் ஐப்பசி மழையில் பரங்கி முற்றியிருக்கும். மழை பெய்யும் அந்த மாலையில், பேருந்துக்குக் காத்திருக்கும் தோழர்க்கும் தோழியர்க்கும் நாம் விளைவித்ததை நாமே ஆக்கி, ஆளுக்கொரு கோப்பை சுடச்சுடக் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். விதைக்குப் பொறுப்பு நான். குழி வெட்ட யார் வருகிறீர்கள்?